சொற்சான்றும் நிலச்சான்றும்: ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷின் வாழ்வும் மொழிப்பணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றில் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ் (1801–1882) என்னும் பெயர் இரண்டு இடங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஒன்று, தூதரக வரலாறு. ஒன்றுபட்ட இத்தாலிய அரசுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதராக 1861 முதல் 1882 வரை இருபத்தோர் ஆண்டுகள் அவர் பணியாற்றினார். மற்றொன்று, சுற்றுச்சூழல் சிந்தனையின் வரலாறு. 1864இல் வெளிவந்த 'மனிதனும் இயற்கையும்' என்னும் அவருடைய நூல், மனிதச் செயல்களால் நிலத்தின் தோற்றமே மாறுவதை விரிவான சான்றுகளுடன் எடுத்துரைத்தது. ஆனால், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மொழி ஆய்வில் செலவிட்ட அறிஞர் என்ற முறையில் மார்ஷ் போதிய கவனம் பெறவில்லை. வழக்குரைஞராகத் தொடங்கித் தூதராக முடிந்த அவருடைய வாழ்க்கையை இக்கட்டுரை மொழியியல் நோக்கில் அணுகுகிறது. மொழியறிவு அவரை ஓரிடத்தில் பெரும் பிழைக்கும் மற்றோரிடத்தில் பெரும் கண்டறிதலுக்கும் இட்டுச் சென்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு எங்கே பிறந்தது என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

1. இளமையும் கல்வியும்

மார்ஷ் 1801 மார்ச் 15ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த உட்ஸ்டாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சார்லஸ் மார்ஷ் புகழ்பெற்ற வழக்குரைஞர். மிக இளம் வயதிலேயே அளவுக்கு மீறிப் படித்ததால் மார்ஷின் பார்வை கெட்டது. ஏழு, எட்டு வயதில் நூலைத் தொடவே முடியாத நிலை ஏற்பட்டுச் சில ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்தில் பிறர் படிக்கக் கேட்டே அவர் கற்றார். கேட்டதை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் இவ்வாறு வளர்ந்தது. நூல்களை விட்டு விலகியிருந்த அவ்வாண்டுகளில் தந்தையுடன் வண்டியில் சென்று மரங்களின் பெயர்களையும், ஓடைகள் பிரிந்து செல்லும் நீர்ப்பிரிமேடுகளையும் அறிந்துகொண்டார். பிற்காலத்தில் இணைந்து செயற்பட்ட சொல்லறிவும் நில அறிவும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் அவரிடம் வேரூன்றின.

டார்ட்மத் கல்லூரியில் 1816 முதல் 1820 வரை பயின்ற மார்ஷ், பாடத்திட்டத்தில் இருந்த இலத்தீனும் கிரேக்கமும் போதாவென்று கருதி, பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசு, இத்தாலி, ஜெர்மன் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்றார். பட்டம் பெற்றபின் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். மீண்டும் கண்நோய் வரவே அப்பணியைக் கைவிட்டுத் தந்தையின் அலுவலகத்தில் சட்டம் பயின்றார். 1825இல் வழக்குரைஞராகப் பதிவு பெற்றுப் பர்லிங்டன் நகரில் தொழில் தொடங்கினார். தொழிலில் அவருக்கு ஈடுபாடு குறைவு. கம்பளி ஆலை, மரவணிகம், இருப்புப்பாதைப் பங்குகள் எனப் பலவற்றில் பணத்தை முதலீடு செய்து இழந்தார். எனினும் சட்டப்பயிற்சி ஒன்றை அவருக்குக் கொடுத்தது. ஓர் ஆவணம் எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்தறியும் பழக்கம் அது. இப்பழக்கம் அவரிடம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் செயற்படவில்லை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. ஐஸ்லாந்து மொழி இலக்கணம்

1833இல் முதல் மனைவியும் அடுத்து மூத்த மகனும் இறந்தனர். அதனை ஒட்டிய ஆண்டுகளில் மார்ஷ் வட ஐரோப்பிய மொழிகளில் ஆழ்ந்தார். டென்மார்க்கின் தொல்லியல் அறிஞர் கார்ல் கிறிஸ்டியன் ரஃப்னுடன் கடிதத் தொடர்பு கொண்டு, கோபன்ஹேகனிலிருந்து நூல்களை வரவழைத்தார். சிறிய நகர் ஒன்றில் வாழ்ந்த வழக்குரைஞர் ஒருவரின் வீட்டில் ஸ்காண்டிநேவிய மொழி நூல்களின் சிறந்த தொகுப்பு ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

இதன் பயனாக 1838இல் பர்லிங்டனில் அச்சான நூலே ஆங்கிலத்தில் எழுந்த முதல் ஐஸ்லாந்து மொழி இலக்கணம். ராஸ்மஸ் ராஸ்க் எழுதிய இலக்கணங்களைத் தொகுத்தும் மொழிபெயர்த்தும் மார்ஷ் இதனை அமைத்தார். ராஸ்க், இந்தோ-ஐரோப்பிய ஒப்பிலக்கணத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தவர். சிங்கள எழுத்துமுறை பற்றி டேனிஷ் மொழியில் ஒரு சிறு நூலை 1821இல் கொழும்பிலேயே அச்சிட்டவர். ஜார்ஜ் வெப் டேசன்ட் ராஸ்கின் இலக்கணத்தை இங்கிலாந்து வாசகர்களுக்காக மொழிபெயர்த்து வெளியிட்டது 1843இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மார்ஷ் அப்பணியைச் செய்து முடித்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்நூலில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இலக்கண நூலை மொழிபெயர்ப்பது இலக்கியத்தை மொழிபெயர்ப்பதினும் வேறானது. மூலநூல் டேனிஷ் அல்லது ஸ்வீடிஷ் வாசகரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அவ்வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத வேற்றுமை வடிவங்களும் ஒலிமாற்றங்களும் ஆங்கில வாசகருக்குப் புதியவை. ஆகவே மூலத்தைத் தொகுத்தும் சுருக்கியும் விரித்தும் அமைக்காமல் அதனை ஆங்கிலத்தில் பயன்படுமாறு செய்ய இயலாது. மார்ஷ் தம் பணியைத் தொகுப்பு என்றும் மொழிபெயர்ப்பு என்றும் நூலின் தலைப்பிலேயே இரண்டாகக் குறிப்பிட்டது இப்பணியின் தன்மையை உணர்ந்ததனால் ஆகும்.

3. மொழி உறவிலிருந்து இன மேன்மைக்கு

1843 ஆகஸ்டில் மிடில்பரி கல்லூரியில் மார்ஷ் ஆற்றிய உரை 'நியூ இங்கிலாந்தில் கோத்தியர்' என்னும் தலைப்பில் அவ்வாண்டே அச்சாயிற்று. கோத்தியர் என்ற சொல்லால் ஜெர்மானிய மொழிகள் பேசிய மக்கள் அனைவரையும் அவர் குறித்தார். ஆங்கிலேயரிடமும் அவர்வழி வந்த நியூ இங்கிலாந்து மக்களிடமும் உள்ள விடுதலை வேட்கை, மனச்சான்று, செயலூக்கம் ஆகியவை கோத்தியக் குருதியிலிருந்து வந்தவை; அடங்கி நடத்தல், சடங்குப்பற்று, ஆடம்பர நாட்டம் ஆகியவை உரோமைக் கலப்பினால் வந்தவை என்பது அவ்வுரையின் சாரம்.

இவ்வுரையை எழுதியவரும் ஐஸ்லாந்து மொழி இலக்கணத்தை எழுதியவரும் ஒருவரே. பழைய வடமேலை ஐரோப்பிய மொழிகளுக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள பிறப்புறவு, ஒலி ஒப்புமைகளாலும் விகுதி ஒப்புமைகளாலும் நிறுவப்பட்ட ஒன்று. அதனை மறுக்க இயலாது. ஆனால் அவ்வுறவிலிருந்து பேசுவோரின் குணத்திற்குச் செல்லும் பாதை எதுவும் ஒப்பிலக்கணத்தில் இல்லை. ஒரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசுவோர் வேறு மொழிகளைப் பேசியவர்களின் வழித்தோன்றல்களாகவும் இருக்கலாம். ஒரே மரபில் வந்த மக்கள் மொழியை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். மொழியின் வரலாறு, மக்களின் வரலாறு, ஒழுகலாற்றின் வரலாறு ஆகிய மூன்றும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் இப்படியொரு வாதத்தை முன்வைத்திருந்தால் மார்ஷ் அதன் குறையை உடனே சுட்டியிருப்பார். தாம் நேசித்த மொழிகளைப் பற்றிய வாதத்தில் அதனைக் காணவில்லை.

இது மார்ஷ் ஒருவருக்கே உரிய பிழையன்று. வைகிங்குகள் கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கக் கரையை அடைந்தனர் என்பதை நிறுவ ரஃப்ன் 1837இல் வெளியிட்ட பெருநூல் நியூ இங்கிலாந்தில் பெரும் ஆர்வத்தை எழுப்பியிருந்தது. ஒப்பியல் மொழியியல் அப்போது புதிய அறிவியல். புதிய அறிவியலின் முடிவுகளைச் சமூகப் பெருமிதம் தன் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வது பல நாடுகளில் நிகழ்ந்தது. இவ்வரலாற்றில் மார்ஷின் உரை ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

4. அரசியலும் தூதுப்பணியும்

1843 முதல் 1849 வரை விக் கட்சியின் சார்பில் மார்ஷ் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உறுப்பினராக இருந்தார். அடிமைமுறை புதிய நிலப்பகுதிகளில் பரவுவதையும் மெக்சிகோ போரையும் எதிர்த்தார். ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானபோது அது சிறந்த நூலகம் கொண்ட அறிவுநிலையமாக அமைய வேண்டும் என வாதிட்டார். 1847 செப்டம்பரில் வெர்மான்ட்டின் ரட்லண்டு மாவட்ட வேளாண்மைக் கழகத்தில் பேசியபோது, மலைச்சரிவுகளில் காடழிப்பதால் மண்ணும் நீரும் கெடுவதை எடுத்துரைத்தார். பின்னர் எழுந்த பெருநூலின் கரு இவ்வுரையில் உள்ளது.

1849இல் குடியரசுத் தலைவர் சகாரி டெய்லர் அவரைத் துருக்கிப் பேரரசுக்குத் தூதராக அனுப்பினார். கான்ஸ்டாண்டிநோபிளில் வெளிநாட்டுத் தூதர்கள் அரசுடன் பேசுவது பெரும்பாலும் திரகோமான் எனப்பட்ட துபாஷிகள் வழியாகவே நடந்தது. அமெரிக்கத் தூதரகத்தின் திரகோமானாக இருந்தவர் ஜான் போர்ட்டர் பிரவுன். துருக்கி மொழியில் வல்லவரான இவர் பின்னர் தர்வேசுகளைப் பற்றிய நூலொன்றை எழுதினார். பல மொழிகள் அறிந்த மார்ஷும் இங்கே பிறர் வாய்வழியே பேச வேண்டியவராக இருந்தார். 1848–49 புரட்சி தோல்வியுற்றபின் துருக்கியில் அடைக்கலம் புகுந்த ஹங்கேரியத் தலைவர் லாயோஷ் கொசூத்தும் அவருடைய தோழர்களும் 1851இல் அமெரிக்கப் போர்க்கப்பலில் வெளியேற அவர் உதவினார். அதே ஆண்டில் எகிப்து, நூபியா, சினாய், பாலஸ்தீனம் ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். முன்னொரு காலத்தில் செழித்திருந்ததாக நூல்கள் கூறும் நிலங்கள் வறண்டு கிடந்ததை நேரில் கண்டார்.

சட்டமும் மொழியும் தூதுப்பணியும் ஒன்றாக வந்து கூடிய நிகழ்ச்சி 1852இல் ஏதென்சில் நிகழ்ந்தது. கிரேக்கத் திருச்சபையை இழித்துரைத்தார் என்னும் குற்றச்சாட்டில் ஜோனாஸ் கிங் என்ற அமெரிக்கச் சமயப் பணியாளருக்குக் கிரேக்க நீதிமன்றம் சிறைத்தண்டனையும் நாடு கடத்தலும் விதித்திருந்தது. இதனை ஆராயுமாறு அமெரிக்க அரசு மார்ஷைப் பணித்தது. மார்ஷ் கிரேக்கச் சட்டங்களையும் வழக்கு ஆவணங்களையும் நேரடியாகப் படித்து, விசாரணை முறையாக நடைபெறவில்லை என அறிக்கை அளித்தார். கிங்கின் சமயக் கொள்கைகள் சரியா என்பது அங்கு வினா அன்று; சட்டத்தின் சொற்கள் அவருடைய செயலுக்குப் பொருந்துமா என்பதே வினா. 1843ஆம் ஆண்டு உரையில் காணப்படாத கட்டுப்பாடு இவ்வறிக்கையின் அணுகுமுறையில் உள்ளது.

5. ஆங்கில மொழி ஆய்வும் அகராதிப் பணியும்

1853இல் ஆட்சி மாறியதால் பதவி இழந்த மார்ஷ் கடன் சுமையுடன் ஊர் திரும்பினார். வருவாய்க்காகப் பல பணிகளை ஏற்றார். அமெரிக்கப் பாலைநிலங்களில் ஒட்டகத்தைப் பழக்கலாம் என்று வலியுறுத்தி 1856இல் ஒரு நூல் எழுதினார். வெர்மான்ட் மாநிலத்தின் இருப்புப்பாதை ஆணையராகவும் இருந்தார். இக்காலத்தில் 1858–59இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் அவர் நிகழ்த்திய உரைகள் 1860இல் 'ஆங்கில மொழி பற்றிய சொற்பொழிவுகள்' என்னும் நூலாயின. அடுத்துப் பாஸ்டனின் லோவல் நிறுவனத்தில் நிகழ்த்திய உரைகள் 'ஆங்கில மொழியின் தோற்றமும் வரலாறும்' என 1862இல் வெளிவந்தன. ஹென்ஸ்லி வெஜ்வுட்டின் ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகராதியின் முதல் தொகுதி அதே ஆண்டில் மார்ஷின் குறிப்புகளுடன் அமெரிக்காவில் பதிப்பிக்கப்பட்டது.

முப்பது சொற்பொழிவுகள் கொண்ட முதல் நூலில் மொழியியலார் இன்றும் மதிக்கத்தக்க பகுதி சொற்றொகையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஆங்கிலோ-சாக்ஸன் சொற்கள் எத்தனை விழுக்காடு, பிறமொழிச் சொற்கள் எத்தனை விழுக்காடு என்ற வினா அக்காலத்தில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. இவ்வினாவுக்கு ஒரே விடை இருக்க முடியாது என மார்ஷ் காட்டினார். அகராதியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக எண்ணினால் பிறமொழிச் சொற்களே மிகுதி. ஓர் ஆசிரியரின் உரைப்பகுதியை எடுத்து, ஒரு சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும் எண்ணினால் ஆங்கிலோ-சாக்ஸன் சொற்களே மிகுதி. சுட்டுச்சொற்கள், மாற்றுப்பெயர்கள், முன்னிடைச்சொற்கள், துணைவினைகள் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதே காரணம். ஷேக்ஸ்பியர் சுமார் 15,000 சொற்களையும் மில்டன் தம் கவிதைகளில் சுமார் 8,000 சொற்களையும் கையாண்டனர் என்னும் கணக்கும் இந்நூலின் வழியே பரவலாக அறியப்பட்டது. பிற்காலக் கணக்குகள் இவ்வெண்களை மாற்றியிருக்கலாம். ஆனால் சொல்வகையை எண்ணுவதும் சொல்வருகையை எண்ணுவதும் வேறு வேறு என்ற தெளிவு நிலைத்த பயன் உடையது. மொழிக்கலப்பைப் பற்றி விழுக்காடு கூறும் எவரும் தாம் எதை எண்ணினோம் என்று முதலில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1843இல் கோத்தியப் பெருமை பேசியவர், 1860இல் ஆங்கிலோ-சாக்ஸன் சொற்களின் பெருமையை நிறுவ எளிய வழியொன்று இருந்தும், தமக்கு உவந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை. ஆங்கிலோ-சாக்ஸன் கூறின் மீது அவருக்கிருந்த பற்று குறையவில்லை. பற்றுக்கும் கணக்குக்கும் இடையில் ஒரு கோடு வரையப்பட்டுவிட்டது.

அந்நூலில் ஒரு சொற்பொழிவு மொழிபெயர்ப்பைப் பற்றியும் அதனை அடுத்து வருவது ஆங்கில விவிலியத்தைப் பற்றியும் அமைந்தவை. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் நடை அக்காலத்துப் பேச்சு வழக்கும் அன்று, நூல் வழக்கும் அன்று என்பது மார்ஷின் கருத்து. விக்லிஃப் காலந்தொட்டு, சிறப்பாக டின்டேல் வழியே, மொழிபெயர்ப்பாளர் பலர் கைமாற்றி வளர்த்த தனி நடை அது. ஆகவே அதனைத் திருத்தும் முயற்சியை அவர் விரும்பவில்லை. எனினும் 1870இல் இங்கிலாந்தில் திருத்தப்பணி தொடங்கி 1881இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. முடிவை ஏற்பினும் மறுப்பினும், மொழிபெயர்ப்பு மரபு ஒன்று தனக்கெனத் தனி மொழிவழக்கை உருவாக்கிக்கொள்ளும் என்ற அவருடைய நோக்கு மொழிபெயர்ப்பியலார்க்கு ஆய்வுக்குரியதாகும்.

இலண்டன் மொழிநூற் கழகம் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக உருப்பெற்ற பெரும்பணியைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் அதற்கு உதவும் பொறுப்பை 1859இல் மார்ஷ் ஏற்றார். தன்னார்வ வாசகர்கள் நூல்களைப் படித்து, சொல் வழங்கும் இடத்தைச் சீட்டுகளில் எழுதி அனுப்ப வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு நூல்கள் அமெரிக்க வாசகர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மார்ஷ் சுற்றறிக்கை விடுத்தார். ஆனால் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மார்ஷும் அவ்வாண்டே இத்தாலிக்குச் சென்றார். 1879இல் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே வெளியிட்ட வேண்டுகோளில், அமெரிக்கர் ஏற்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பணி பெரிதும் நிறைவேறவில்லை என வெளிப்படையாகக் குறிப்பிட நேர்ந்தது. பின்னர் லஃபாயெட் கல்லூரிப் பேராசிரியர் பிரான்சிஸ் மார்ச் அப்பொறுப்பை ஏற்று அமெரிக்க வாசகர்களைத் திரட்டினார். பெயரொற்றுமையால் மார்ஷையும் மார்ச்சையும் ஒருவராக மயங்குதல் கூடாது. அகராதிப் பணியில் மார்ஷ் தொடங்கி வைத்தவரே அன்றி நிறைவேற்றியவர் அல்லர்.

6. 'மனிதனும் இயற்கையும்'

1861இல் லிங்கன் மார்ஷை இத்தாலிக்குத் தூதராக அமர்த்தினார். தலைநகர் டூரினிலிருந்து 1865இல் ஃபிளாரன்சுக்கும் 1871இல் உரோமுக்கும் மாறியபோது தூதரகமும் உடன் மாறியது. போர்க்காலத்தில் இத்தாலியின் நல்லெண்ணத்தை வடமாநிலங்களின் பக்கம் நிறுத்துவது அவருடைய முதற்கடமை. அதற்கிடையே 1862, 1863ஆம் ஆண்டுகளில் எழுதிய நூலே 'மனிதனும் இயற்கையும்'. 'இயற்கையின் இசைவைக் குலைப்பவன் மனிதன்' என்னும் பொருள்பட அவர் முதலில் கருதிய தலைப்பைப் பதிப்பாளர் ஏற்கவில்லை. நூலின் உரிமையைப் போரில் காயமுற்றோர்க்கு உதவிய அமைப்பொன்றுக்கு அவர் நன்கொடையாக அளித்தார். உறவினரும் நண்பர்களும் அதை விலைக்கு வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தனர்.

தாவரமும் விலங்கும், காடு, நீர், மணல் என இயல்களை வகுத்துக்கொண்ட இந்நூலின் சான்றுத் தளம் வியப்புக்குரியது. ஆல்ப்ஸ் மலைக் காட்டாறுகளைப் பற்றிப் பிரெஞ்சுப் பொறியாளர் அலெக்சாந்தர் சூரெல் எழுதியவை, போ ஆற்றைப் பற்றி இத்தாலிய நீரியலார் எழுதியவை, காடு வளர்ப்பைப் பற்றி ஜெர்மானியர் எழுதியவை, மணற்குன்றுகளைப் பற்றி டென்மார்க்கின் ஆண்ட்ரெசன் எழுதியது, நிலமீட்பைப் பற்றி நெதர்லாந்தின் ஸ்டாரிங் எழுதியது ஆகிய அனைத்தையும் மார்ஷ் மூலமொழிகளிலேயே படித்தார். இந்நூல்களுள் ஒவ்வொன்றும் தன் நாட்டுச் சிக்கலை மட்டுமே பேசியது. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் காடழிதல், மண்ணரிப்பு, வெள்ளம், ஆற்றுமுகத்தில் வண்டல் சேர்தல் ஆகியவை ஒரே தொடர்ச்சி என்பது புலனாயிற்று. பல மொழிகளில் சிதறிக் கிடக்கும் வடிவங்களை ஒப்பிட்டு அவற்றின் பொதுமூலத்தைத் தேடும் ஒப்பிலக்கணத்தாரின் முறையை இது ஒத்திருக்கிறது. மனைவி கரோலினும் இவ்வுலகைச் சேர்ந்தவரே. ஷிலெஸ்விக் கடற்கரையில் கடலுடன் போராடும் சிற்றூர் மக்களைப் பற்றிய ஜெர்மன் கதையொன்றை அவர் 1850களில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்.

கலைச்சொற்களிலும் மார்ஷுக்கு இடர்ப்பாடு நேர்ந்தது. பிரெஞ்சு வனவியலார் காட்டுப் பராமரிப்பில் இரு முறைகளைப் பிரித்துப் பெயரிட்டிருந்தனர். வெட்டிய அடிமரத்திலிருந்தே மீண்டும் தளிர்க்கவிடுவது ஒன்று. மரங்களை முழு வளர்ச்சி பெறும்வரை விட்டு வைப்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆங்கிலத்தில் பழஞ்சொல் உண்டு. இரண்டாவதற்கு நிகரான சொல்லை மார்ஷ் காணவில்லை. அதனை வெளிப்படையாகக் கூறி, 'முழுவளர்ச்சி முறை' என்னும் பொருளில் ஒரு தொடரை அவரே முன்மொழிந்தார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இத்தாலியிலும் வனவியல் தனித்துறையாக வளர்ந்து நூல்கள் பெருகியிருந்தன; இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்நிலை இல்லை. துறை இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் காணும் சொல்லிடைவெளி சில வேளைகளில் ஒரு சமூகத்தின் செயலிடைவெளியைக் காட்டுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

இந்நூலின் தொடக்கத்திலும் பழைய மனச்சாய்வின் தடம் உண்டு. நடுநிலக்கடல் நாடுகளின் சீரழிவுக்கு உரோமப் பேரரசின் கொடுங்கோன்மையை அவர் முதன்மைக் காரணமாக்கினார். ஆனால் 1843இல் அவருடைய வாதம் அக்காரணத்தோடு முடிந்தது. 1864இல் அங்கிருந்து தொடங்கியது. அதன்பின் பக்கந்தோறும் வருபவை மலைச்சரிவுகள், ஆற்றுப்படுகைகள், வண்டல் அளவுகள் ஆகியவையே. அழிவைச் செய்தவர் எவ்வினத்தவர் என்பது அங்கே பொருளற்றதாகிறது. வெர்மான்ட்டில் குடியேறிய நியூ இங்கிலாந்து மக்களும் அதே அழிவைச் செய்ததை அவர் இளமையிலேயே கண்டவர்.

நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு ஃபிளாரன்சில் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1874இல் வேறு தலைப்பில் வந்தது. இந்தியாவுடனும் இந்நூலுக்குத் தொடர்புண்டு. சென்னையில் 1820இல் பிறந்து, 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன், இமயமலைச் சரிவுகளிலும் காஷ்மீரத்திலும் திபெத்திலும் இந்நூலைத் தம்முடன் எடுத்துச் சென்றதாக 1868இல் மார்ஷுக்கு எழுதினார்.

7. கிராவைரோலா எல்லைத் தீர்ப்பு

மார்ஷின் பிற்கால மனப்பாங்கை விளக்கும் நிகழ்ச்சி 1874இல் நடந்தது. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையிலுள்ள கிராவைரோலா என்னும் மேய்ச்சல் நிலம் குறித்து எல்லைத் தகராறு இருந்தது. இரு நாடுகளும் மார்ஷை நடுவராக ஏற்றன. அந்நிலத்தின் நீர் வடிவது சுவிட்சர்லாந்துப் பக்கமே. அதன் காடுகள் அழிந்தால் வெள்ளத்தால் கெடுவது கீழேயுள்ள சுவிட்சர்லாந்துப் பள்ளத்தாக்கு. நீர்ப்பிரிமேட்டையும் காட்டையும் ஒன்றாகக் காக்க வேண்டும் என எழுதியவர் சுவிட்சர்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பார் என எதிர்பார்க்க இடமிருந்தது. ஆனால் நடுவரிடம் விடப்பட்ட வினா, நிலம் எவருக்கு இருப்பது நல்லது என்பதன்று. எவருக்கு உரியது என்பதே. பழைய உரிமை ஆவணங்களை ஆராய்ந்த மார்ஷ் இத்தாலிக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். தம் வாழ்நாள் கொள்கைக்கு மாறான முடிவைச் சான்று வேண்டியபோது அவர் ஏற்றார்.

8. முடிவுரை

1882 ஜூலை 23ஆம் நாள், ஃபிளாரன்சுக்கு அருகிலுள்ள வல்லம்பிரோசா என்னும் மலையிடத்தில் மார்ஷ் மறைந்தார். மில்டனின் 'துறக்க இழப்பு' காப்பியத்தில் இடம்பெற்றதால் ஆங்கில வாசகர் அறிந்த ஊர் அது. இத்தாலியின் வனவியல் கல்லூரி அப்போது அங்கே இயங்கியது. அக்கல்லூரி மாணவர்கள் அவர் உடலை மலையிலிருந்து சுமந்து இறக்கினர். உரோமிலுள்ள புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சுமார் 12,000 நூல்கள் கொண்ட அவருடைய நூலகம் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1955இல் பிரின்ஸ்டனில், நிலத்தின் தோற்றத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு பற்றி நடந்த கருத்தரங்கு அவர் நினைவைப் போற்றியது. டேவிட் லோவன்தால் 1958இல் எழுதிய வாழ்க்கை வரலாறும் 2000இல் அவரே புதிதாக எழுதிய வரலாறும் மார்ஷை மீண்டும் அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தன.

மேற்கூறியவற்றிலிருந்து தெளிவாவது பின்வருமாறு. 1843இல் இனப்பெருமையை எழுப்பியதும் 1864இல் நிலச்சிதைவின் வரலாற்றை வெளிப்படுத்தியதும் ஒரே மொழியறிவே. முதலாவதில் மொழிச்சான்று தனக்குரிய எல்லையைத் தாண்டிப் பயன்படுத்தப்பட்டது. இரண்டாவதில் பல மொழிகளின் வழியே கிடைத்த சான்றுகள் ஒன்றையொன்று சரிபார்த்தன. மார்ஷ் தம் மனச்சாய்வை முற்றும் துறந்தார் எனக் கூற இயலாது. அச்சாய்வு சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாதவாறு பார்த்துக்கொள்ள அவர் படிப்படியாகக் கற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும். ஏதென்ஸ் அறிக்கை, சொற்றொகைக் கணக்கு, கிராவைரோலா தீர்ப்பு ஆகிய மூன்றும் அதற்குச் சான்றுகள். மொழி உறவுகளை ஆராய்வோர்க்கும் ஒரு மொழியின் கருத்தை இன்னொன்றில் பெயர்ப்போர்க்கும் மார்ஷின் வாழ்வு பயன்படுவது இவ்வகையிலேயே எனலாம்.